மொக்கு வுட்டா ஒரு போன் போடு

வியாழக்கிழமை காலை பல் தேய்த்துக்கொண்டே மொட்டைமாடிக்குப் போனவள், வாயில் நுரையோடு அப்படியே நின்றுவிட்டேன். வாண்டாச் செடியில் மொக்கு. இலை இடுக்கிலிருந்து சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு தண்டு, அதில் மிளகு சைசில் ஆறு. இரண்டு வருஷமாக வெறும் இலையாக விட்டு என் உயிரை வாங்கின ஆர்க்கிட். துள்ளிக் குதித்திருக்க வேண்டாமா? நான் வாயைக்கூடக் கொப்பளிக்காமல் கீழே இறங்கிவிட்டேன்.

மொக்கு வந்தால் போன் போடுகிறேன் என்று ஒரு மனுஷருக்குச் சொல்லியிருக்கிறேன். நம்பர் இருக்கிறது. ஆனால் போன் போட்டால் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். நான் செய்த தப்புக்கு அவர் திட்டு வாங்கினார், நான் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அதைச் சொல்லாமலே இரண்டு வருஷத்தை ஓட்டிவிட்டேன். இனிமேல் செடி என்னை விடுகிற மாதிரி இல்லை.

எங்கள் ஆர்க்கிட் சங்கத்தை நீங்கள் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். ராயபுரத்தில் எங்கள் வீட்டு மாடியில், மாதாமாதம் இரண்டாவது ஞாயிறு காலை கூடுவோம். பேருக்குப் பதினாலு உறுப்பினர், வருகிறது ஒன்பது பத்து. ஆர்க்கிட்டா, இந்த ஊரிலா என்று சிரிக்காதீர்கள். ஒரு பக்கம் துறைமுகத் தூசி, ஒரு பக்கம் எண்ணூர்ச் சாம்பல், நடுவில் உப்புக்காற்று. மலைக்காட்டில் மரத்தைக் கட்டிக்கொண்டு வாழ வேண்டிய செடியைக் கொண்டுவந்து கரித்துண்டிலும் ஓட்டுச்சில்லிலும் உட்காரவைத்து, தினமும் ஈரத்துணியால் இலையைத் துடைத்துவிட்டு, எப்போது பூக்கப் போகிறாய் தாயே என்று கெஞ்சுகிற கோஷ்டி நாங்கள்.

எங்களுக்குப் பெரிய பேஜாரு தண்ணீர். போர் தண்ணீரை ஊற்றினால் வேரெல்லாம் உப்புப் படிந்துவிடும். லாரித் தண்ணீரில் மருந்து வாடை. மழையோ மூன்று மாசம். அதனால் ஏசித் தண்ணீர்தான் கதி. ஏசியிலிருந்து சொட்டுகிற தண்ணீரில் உப்பு கிடையாது, ஆர்க்கிட்டுக்கு அமிர்தம். நான் வேலை பார்க்கிற கிளியரிங் ஆபீசில் ஆறு ஏசி. பின்சந்தில் ஆறு குழாய்க்கும் அடியில் கேன் வைத்துப் பிடித்து, சனிக்கிழமை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வருவேன். எல்லாரும் வந்து பாட்டிலில் பிடித்துக்கொண்டு போவார்கள். என்னைச் செயலாளர் ஆக்கியது என் அறிவைப் பார்த்து இல்லை, இந்தத் தண்ணீரைப் பார்த்துத்தான். அது எனக்கும் தெரியும். கொஞ்சம் மிதப்பாகத்தான் திரிந்தேன்.

சங்கத்தில் இன்னொரு வழக்கம் உண்டு. யார் செடி பூத்தாலும் அந்த மாசக் கூட்டத்துக்கு அவர்தான் போண்டா வாங்க வேண்டும். செலவுதான், ஆனால் போண்டாப் பொட்டலத்தோடு மாடிப்படி ஏறுகிற பெருமை இருக்கிறதே, அது கல்யாணத்தில் மாப்பிள்ளைக்குக்கூடக் கிடைக்காது.

இப்போது அந்தப் போன் மனுஷர் விஷயம். பேர் எனக்குத் தெரியும், எழுதப் போவதில்லை. வருகைப் பதிவேட்டிலேயே பேர் எழுதாமல் ஒரு கோடு இழுத்துவிட்டு உட்காருவார். "அதான் ஆளே வந்துகீறனே, பேரு எதுக்கு செக்கட்ரி?" என்பார். மணலிப் பக்கம் ஒரு கண்டெய்னர் யார்டில் பெட்டி தூக்குகிற வண்டி ஓட்டிக்கொண்டிருந்தார். நாங்கள் க்ரேன்காரர் என்று கூப்பிடுவோம்.

அவர் சங்கத்துக்குள் வந்ததே சண்டையில்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை கூட்டம் நடக்கிறது. காக்கிச்சட்டையோடு ஒரு ஆள் விடுவிடுவென்று மாடிக்கு ஏறி வந்தார். கையில் எங்கள் தெருக் குப்பைத்தொட்டியில் கிடந்த ஒரு பூந்தொட்டி.

"இத்த யாரு கடாசினது?"

எங்கள் தலைவருடையது அது. துறைமுக ஆபீசில் பெரிய பதவியில் இருந்து ஓய்வு பெற்றவர். மூக்குக்கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு, "அது செத்துப்போச்சுப்பா" என்றார்.

"செத்துச்சா? நீ பாத்தியா?"

தலைவரை யாரும் நீ என்று பேசி இருபது வருஷமாவது இருக்கும். எங்களுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அந்த ஆள் தொட்டியைக் கவிழ்த்துக் கரியை உதறி, வேர்க் கொத்திலிருந்து ஒரே ஒரு இழையைப் பிரித்துக் காட்டினார். அரிசி நீளத்துக்கு நுனியில் பச்சை.

"உசுரு கீதுபா இதுல. நீ இலையப் பாத்துகினு இருந்துட்ட. வேரப் பாக்கல."

எடுத்துக்கொண்டு போய்விட்டார். நாலு மாசம் கழித்து அதே தொட்டியோடு வந்தார். டென்ட்ரோபியம் ஜாதி ஆர்க்கிட், மூன்று புதுத் தண்டு, நுனியில் வரிசையாக மொக்கு. தலைவருக்கு முன்னால் மேசைமேல் வைத்துவிட்டு, "பத்து நாள்ல பூத்துடும். வூட்டுக்கு இட்டுகினு போ" என்றார்.

"அட, இவ்வளவு நாள் காப்பாத்திட்டு, பூவைப் பார்க்காம குடுக்கிறீங்களே?" என்றேன் நான்.

"பூக்கறப்ப அது அதோட வூட்ல இருக்கணும் செக்கட்ரி. என் வூட்ல பூத்துச்சுன்னு வையி, அப்பால குடுக்க மனசு வராது. இன்னா பண்றது, நானும் மனுசன்தானே."

அன்றையிலிருந்து அதுதான் அவர். யார் செடி படுத்தாலும் டிபன் பையில் வைத்துக்கொண்டு சடையங்குப்பத்தில் இருந்த அவர் வீட்டுக்குக் கொண்டுபோவார். மொக்கு விட்ட மறுநாள் திருப்பிக் கொடுத்துவிடுவார். ஒருநாள் கூட்டி வைத்துக்கொள்ள மாட்டார். அவர் வீட்டில் ஒரு பூ பூத்தது கிடையாது. சங்கத்தில் இருந்த அத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூட அவர் போண்டா வாங்கியதில்லை. "போண்டாவுக்குப் பயந்துதான் மொக்கோட தள்ளிவிடுறாரு" என்று எல்லாரும் கலாய்ப்போம். "பின்ன, உங்க வயித்துக்கு எவன் வாங்கிப் போடறது" என்று சிரித்துக்கொண்டே நாலாவது போண்டாவை எடுப்பார்.

கூட்டத்தில் பூத்த செடிகளை நடுமேசையில் வைப்போம். எல்லாரும் பூவைப் போட்டோ எடுப்போம். அவர் மட்டும் தொட்டியைத் தூக்கி அடியில் எட்டிப் பார்த்துக்கொண்டிருப்பார். வேரைப் பார்த்தால் அவருக்கு எல்லாம் தெரிந்துவிடும். என்ன ஊற்றினாய், எப்போது ஊற்றினாய், எந்தப் பக்கம் வெயில், எல்லாம். திருவொற்றியூர் டீச்சரம்மா ஒருத்தர் செடியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "போர் தண்ணிய வுட்டியாம்மா?" என்று கேட்டார். அந்தம்மா இல்லவே இல்லை என்று சாதித்தார்கள். "நுனி கருகினா தண்ணி. நடுவுல அயுகினா ஒரம். இது நுனி" என்றார் அவர். டீச்சரம்மா அப்புறம் என்னிடம் தனியாக வந்து, ஒரே ஒருநாள்தான் ஊற்றினேன் என்று ஒப்புக்கொண்டார்கள். அவரிடம் சொல்ல வெட்கமாம்.

ஒரு மழைக்கு சடையங்குப்பத்தில் வீட்டுக்குள்ளேயே இடுப்பளவு தண்ணீர். அப்போது எங்கள் ஆட்கள் செடி ஏழு அவரிடம் இருந்தது. தண்ணீர் வடிந்ததும் பார்க்கப் போனேன். டிவி, பீரோ, மெத்தை எல்லாம் சேறு. ஏழு தொட்டியும் மின்விசிறிக் கொக்கியில் கயிறு கட்டி அந்தரத்தில் ஊஞ்சலாடிக்கொண்டிருக்கிறது!

"டிவிய தூக்கி இருக்கலாமே அண்ணே!" என்று தலையில் அடித்துக்கொண்டேன்.

"டிவி என்னுதும்மா. போனா போவுது. இது அடுத்தவங்களுது. இன்னான்னு பதில் சொல்றது?"

அவர் மனைவி உள்ளேயிருந்து சேற்றை வழித்துக்கொண்டே, "கேளும்மா நல்லா. செடிக்கு ஃபேனு கொக்கி, எனுக்குக் கொசு" என்றாள். அவர் கேட்காத மாதிரி கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தார்.

இப்பேர்ப்பட்ட மனுஷருக்கு நான் செய்தது என்ன தெரியுமா? சொல்லிவிடுகிறேன்.

எங்கள் சங்கம் முதல்முதலாகப் பூக்காட்சி வைக்க ஏற்பாடு செய்த வருஷம் அது. திருவொற்றியூரில் ஒரு பள்ளிக்கூட ஹால் பேசி, நோட்டீஸ் அடித்து, தெருத்தெருவாகக் கொடுத்தாகிவிட்டது. எல்லார் வீட்டிலும் மொக்கும் பூவுமாக நின்றது. அதற்கு இரண்டு வாரம் முன்னால் அவர் எல்லாருக்கும் ஒரு பாட்டில் மீன் உரம் கொடுத்தார். காசிமேட்டு மீன்கழிவும் வெல்லமும் போட்டு ஊறவைத்தது. மூடியைத் திறந்தால் தெருவே மூக்கைப் பிடிக்கும். "என் மாடியை மார்க்கெட் ஆக்கிட்டீங்களே" என்று நான் கத்தினேன். "ஒரு மூடி, ஒரு பக்கெட் தண்ணிக்கு. அதுக்கு மேல வுடாத" என்று ஒவ்வொருத்தரிடமும் மூன்று தடவை சொல்லிக் கொடுத்தார்.

அதே வாரம் வியாழக்கிழமை ஆபீசில் ஏசி சர்வீஸ் செய்தார்கள். உள்ளே அழுக்குப் போக ஏதோ மருந்தை நுரைக்க நுரைக்க அடித்துக் கழுவினார்கள். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். புத்தி எங்கே போச்சோ! காட்சிக்கு எல்லாருக்கும் தண்ணீர் நிறைய வேண்டுமே என்கிற பரபரப்பில், வெள்ளிக்கிழமை சொட்டினதைச் சொட்டு விடாமல் பிடித்து, சனிக்கிழமை காலை எல்லாருக்கும் ஊற்றிக் கொடுத்தேன். வழக்கத்தைவிட ஆளுக்கு ஒரு பாட்டில் அதிகம், தாராள மனசு.

செவ்வாய்க்கிழமைக்குள் மொக்கெல்லாம் உதிர்ந்துவிட்டது. இலை மஞ்சளானது. குரூப்பில் ஒரே ஒப்பாரி. புதன்கிழமை ஏசி மெக்கானிக் பாக்கி வேலைக்கு வந்தவர், நான் கேன் வைப்பதைப் பார்த்து, "யக்கா, ஒரு வாரத்துக்கு இத்தப் புடிக்காத. மருந்து வந்துகினு இருக்கும், கைல பட்டாலே எரியும்" என்றார். என் கையிலிருந்த கேன் கீழே விழுந்தது.

அந்த ஞாயிறு அவசரக் கூட்டம். எல்லாரும் செத்துக்கொண்டிருந்த செடிகளைக் கொண்டுவந்து வரிசையாக வைத்திருந்தார்கள், என்னுடைய வாண்டாவையும் சேர்த்து. பதினொன்று. சொல்லிவிட வேண்டும் என்றுதான் எழுந்தேன். சத்தியமாக எழுந்தேன். அதற்குள் தலைவர் அவரைப் பார்த்துப் பாய்ந்துவிட்டார்.

"கலீஜ் மீன் தண்ணியை ஊத்தி எல்லாத்தையும் கொன்னுட்டியேய்யா! காட்சி போச்சு, மானம் போச்சு. உன்னையெல்லாம் உள்ளே விட்டதே தப்பு!"

ஒருத்தர் ஆரம்பித்தால் போதாதா? ஆளுக்கு ஆள் பேசினார்கள். அவர் உயிர்ப்பித்துக் கொடுத்த செடி வைத்திருந்தவர்களும் பேசினார்கள். அவர் செடி வரிசைப் பக்கம் போனார். ஒவ்வொரு தொட்டியாகத் தூக்கி அடியில் பார்த்தார். பதினொன்றையும் பார்த்தார். பிறகு, "எல்லாத்தையும் நான் எட்த்துகினு போறேன். தேத்திக் குடுக்கறேன்" என்றார். குரலில் ஒரு கோபம் இல்லை. தொட்டிகளை இரண்டு இரண்டாகத் தூக்கிக்கொண்டு மாடிப்படி இறங்கினார். நான் எழுந்தவள் மறுபடி உட்கார்ந்துவிட்டேன்.

ஏன் என்று கேட்டால் என்ன சொல்ல? பதவி போய்விடுமோ என்று பயம். என்னையும் அதே மாதிரி வாய்க்கு வந்தபடி பேசுவார்களே என்று பயம். அடுத்த கூட்டத்தில் சொல்லலாம், கோபம் ஆறட்டும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். வாய்கிழியப் பேசுகிறவள் என்று பேர் எடுத்தவள் நான். அன்றைக்கு வாயில் கொழுக்கட்டை.

அதற்கப்புறம் அவர் கூட்டத்துக்கு வரவில்லை. ஆனால் சொன்ன மாதிரியே செடிகள் திரும்பி வந்தன. யாருக்கும் நேராகக் கொடுக்கமாட்டார், சாயங்காலம் வேலை முடிந்து வரும்போது என்னிடம் கொண்டுவந்து கொடுப்பார், நான் உரியவர்களுக்குக் கொடுத்துவிடுவேன். ஒவ்வொன்றும் மொக்கோடு. சிலது ஆறு மாசம், சிலது ஒரு வருஷம். கொடுத்துவிட்டு உடனே போகவும் மாட்டார். வாசற்படியில் நிற்பார். மழை வருமா, ஆபீஸ் எப்படி, தலைவர் உடம்புக்கு எப்படி என்று எதையாவது கேட்டுக்கொண்டு நிற்பார்.  களைத்து வந்திருக்கிறார், பாவம், டீக்குத்தான் நிற்கிறார் என்று நானே முடிவு கட்டிக்கொண்டு அடுப்படிக்கு ஓடுவேன். சர்க்கரை தூக்கலாகப் போட்டுக் கொடுப்பேன். குடித்துவிட்டு டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, "வரட்டா செக்கட்ரி" என்று போவார். கதவைச் சாத்தியதும்தான் எனக்கு மூச்சு வரும்.

கடைசியாக வந்தது என் வாண்டா. அவர் கை வழியாகப் போன செடிகளில் மொக்கு இல்லாமல் திரும்பி வந்தது அது ஒன்றுதான்.

"யார்டுல ஆளக் கொறச்சிட்டாங்கோ. ஆந்திரா பக்கம் ஒரு ஆர்பர்ல வண்டி ஓட்ட கூப்டறாங்கோ. குடும்பத்தோட கெளம்பறேன்" என்றார். "உன்னுது மட்டும் முடியல செக்கட்ரி. அடி பலமா பட்டுகீது. ஆனா வேரு வந்துட்ச்சு. மொக்கு வுட்டா ஒரு போன் போடு."

"போடுறேன் அண்ணே."

நின்றார். மற்ற நாளைவிட ரொம்ப நேரம் நின்றார். நான் டீ போட்டேன்.

அவர் போன பிறகுதான் அவர் எவ்வளவு இடத்தை அடைத்துக்கொண்டிருந்தார் என்று தெரிந்தது. இப்போது யாராவது செடி படுத்தால் அப்படியே தூக்கிப் போடுகிறார்கள். கூட்டத்தில் பூவைப் பார்க்கிறோம், போட்டோ எடுக்கிறோம், போண்டா தின்கிறோம். தொட்டியைத் தூக்கி அடியில் பார்க்க ஆளில்லை. சாயங்காலம் மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டால் இன்னும் எட்டிப் பார்க்கிறேன். பால்காரராக இருக்கும்.

மொக்கு வந்த வியாழனிலிருந்து ஞாயிறு வரை நான் ஒழுங்காகத் தூங்கவில்லை. முதலில் சங்கத்தில் சொல்லிவிட்டுத்தான் அவருக்குப் போன் என்று தீர்மானம் செய்துகொண்டேன். பூக்கவே இல்லை, ஆனாலும் போண்டா வாங்கி வைத்தேன். ஒன்பது பேர் வந்தார்கள். வாண்டாவை நடுமேசையில் வைத்துவிட்டு நின்றேன். 

"அன்னிக்குச் செடியெல்லாம் போனது மீன் உரத்தால இல்லை. நான் குடுத்த ஏசித் தண்ணியால. சர்வீஸ் பண்ணின மருந்து அதுல இருந்தது. அந்தக் கூட்டத்துக்கு முன்னாடியே எனக்குத் தெரியும். தெரிஞ்சும் சொல்லலை."

 தலைவர் கையிலிருந்த போண்டாவைத் தட்டில் திரும்ப வைத்தார். என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டினால் நன்றாக இருந்திருக்கும். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"போன் போடும்மா" என்றார் கடைசியில். "நானும் பேசணும்."

எல்லாரும் கேட்கிற மாதிரி ஸ்பீக்கரில் போட்டேன். ரொம்ப நேரம் மணி அடித்தது. எடுத்தார். பின்னால் வண்டிகள் இரைகிற சத்தம்.

"அண்ணே, நான் ராயபுரத்திலேருந்து..."

"செக்கட்ரியா! மொக்கு வுட்ச்சா?"

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "ஆறு மொக்கு அண்ணே."

"வேரு எப்டிகீது, அத்தச் சொல்லு."

வாண்டாவை உயரத் தூக்கி அடியில் பார்த்தேன். கண்ணீரில் ஒன்றும் சரியாகத் தெரியவில்லை. துடைத்துக்கொண்டு பார்த்துச் சொன்னேன். "வெள்ளையா, தடியா இருக்கு. நுனியெல்லாம் பச்சை."

"அப்ப சோக்கா கீது. கவலைய வுடு."

"அண்ணே, ஒண்ணு சொல்லணும். அன்னிக்கு அது உங்க உரம் இல்லை. என் தண்ணி."

 "தெரியும்மா" என்றார் அவர்.

"தெரியுமா? எப்ப?"

"அன்னிக்கேதான். பதினொண்ணுலயும் நுனிதானே கருகி இருந்துச்சு."

"தெரிஞ்சுமா அவ்வளவு பேச்சும் வாங்கிக்கிட்டு நின்னீங்க? ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே அண்ணே!"

"நான் சொன்னா நல்லாவா இருக்கும்? உன்னை எல்லார் எதிர்லயும் காட்டிக் குடுக்கறதா? நீயே சொல்லுவன்னு இருந்தேன். அதுக்குத்தான் ஒவ்வொரு தபாவும் தொட்டியக் குட்த்துட்டு உன் வாசல்ல நின்னுகினு இருந்தேன்." லேசாகச் சிரித்தார். "நீ உள்ள போயி டீ போட்டுகினு வந்துடுவ."

தலைவர் என் கையிலிருந்து போனை வாங்கிக்கொண்டு மாடிக் கைப்பிடிச்சுவர் ஓரமாகப் போனார். "நான்தான்பா... நான்தான்" என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார்.

பதினொரு தொட்டி, பதினொரு டீ. அந்த மனுஷர் இன்னும் ஒரே ஒரு தடவை என் வாசலில் வந்து நிற்கட்டும். அடுப்படிப் பக்கமே போகமாட்டேன்.